மற்றவை

வரிசைச் சீட்டில் என் எண் இருபத்தேழு.
புக்கிட் பாத்தோக், புதன்கிழமை, இரவு எட்டு மணி.
புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்பு நாற்காலிகள்,
ஓடினாலும் காற்று வராத ஒரு மின்விசிறி,
பாலர் பள்ளிக் கதவில் காகித யானைகள்.
நாடாளுமன்ற உறுப்பினர் இங்கேதான் குறை கேட்பார்.

எனக்கு முன்னால் இருந்தவருக்கு வாகன அபராதம்.
அவருக்கு முன்னால், மகனுக்கு ஒரு வாடகை வீடு.
மேல்வீட்டு நீர்க்கசிவைக்
கைப்பேசியில் பிடித்து வந்த மாது
எனக்கும் காட்டினார்:
உச்சவரம்பில் கறை,
கிட்டத்தட்ட இந்தத் தீவின் வடிவம்.

தொண்டூழியர் மடிக்கணினியிலிருந்து
கண்ணெடுக்காமல் கேட்டாள்:
வீடா, வேலையா, அபராதமா, குடிநுழைவா?

வெயில், என்றேன்.

நிமிர்ந்தாள். என் வயதுதான் இருக்கும்.
சட்டையில் குத்திய அட்டையில் வெய் ஷுவான்.

நோட்டைத் திறந்து வைத்தேன்.
நாற்பத்தொரு நாள், நாளுக்கு மூன்று வேளை.
பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகத்தில்
கெஞ்சி வாங்கிய இரண்டு வெப்பமானிகள்.
ரயில் தடத்துக்குத் தோண்டும் இடத்தில்
வேலிக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நான்.
வேலிக்கு உள்ளே சேவுகன்,
தேவகோட்டைப் பக்கம், வயது இருபத்து மூன்று.
என் எண்கள் நீல மையில்.
அவர் சிமெண்டுப் பையின் கிழிசலில் எழுதித் தருவதை
அன்றிரவே சிவப்பில் ஏற்றுவேன்.
சிவப்பு எப்போதும் இரண்டு டிகிரி கூட.

பதினேழாம் நாள், மதியம் இரண்டு மணி:
சிவப்பு இல்லை.
அன்று அவரைத் தண்ணீர் தெளித்து
நிழலில் கிடத்தியிருந்தார்கள்.
நிழல் என்றால்
நிறுத்தி வைத்த லாரியின் அடி.
அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டேன்.

அவரே ஏன் வரவில்லை என்றாள்.
வந்தால் விடுதிக்குப் போகும் லாரி போய்விடும்.
பெயர் போடலாமா என்றாள்.
போட்டால் வேலை போய்விடும்.
(இந்தக் கவிதையில் இருப்பதும் அவர் பெயர் அல்ல.)

நீங்கள் இந்தத் தொகுதி வாக்காளரா?

தொகுதி இதுதான்.
வாக்காளர் ஆக இன்னும் பதினொரு மாதம்.
அவருக்கு இங்கே வாக்கில்லை,
எனக்கு வயதில்லை.
எங்கள் மொழியில் ஒரு வசதி உண்டு;
அவளுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.
வாக்கு என்றால் சொல்லும்தான்.
அது இல்லாமலா
சிமெண்டுப் பையில் எழுதித் தந்தார்?

திரையில் பட்டியல் இறங்கியது.
வீடு, வேலை, பள்ளி, மருத்துவம்,
இறங்கி இறங்கிக் கடைசியில் நின்றது:
மற்றவை.
எங்களை அதில் போட்டாள்.

உறுப்பினர் களைத்திருந்தார்.
நல்லவர்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
காலிக் கட்டத்தில் விரல் சற்று நின்றது.
எழுதிக் கேட்போம் என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம்:
உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.

அதே வாரம் வேலிக்குள்
ஒரு வெள்ளைக் கூடாரம் முளைத்தது.
கடிதத்தாலா,
பெரிய அதிகாரி யாரோ வரப்போவதாலா,
சேவுகனுக்கும் தெரியவில்லை.
அதன் கீழே ஆறு பேர் நிற்கலாம்.
அங்கே வேலை செய்வது எண்பது பேர்.

எழுபத்து நான்கு, என்று
நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த புதனுக்குச் சீக்கிரமே போனேன். எண் ஒன்பது.
இம்முறை இஸ்யானாவும் வந்தாள்,
உணவங்காடியில் அவள் அம்மா நிற்கும்
அடுப்படி வெப்பத்தை எழுதிய தனி நோட்டோடு.
பூனைப் படம் போட்ட அட்டை.
மின்விசிறி அன்றைக்கும் அப்படியேதான்.

வெய் ஷுவான் எதுவும் கேட்கவில்லை.
திரையைச் சற்றே எங்கள் பக்கம் திருப்பினாள்.
அபராதத்துக்கும் குடிநுழைவுக்கும் நடுவே
புதிதாக ஒரு சொல்.

யாரிடம் அனுமதி கேட்டாய் என்றேன்.

எங்களுக்குப் பின்னால் பார்த்து
பத்தாம் எண் என்று கூப்பிட்டாள்.